மிதவை சொல்லும் வரலாறு

நம் இல்லங்களில் நாள்தோறும் பயன்படும் பொருள்களுள் சில, பழுதின்றிப் பணியாற்றும் வரை நம் கண்ணில் படுவதே இல்லை. நகராட்சிக் குழாயிலிருந்து நீர் வந்து விழும் தொட்டியின் உட்புறத்தே மிதந்து கொண்டிருக்கும் உருண்டை அத்தகைய ஒன்றாகும். கழிப்பறைச் சுவரில் பொருத்தியுள்ள நீர்ப்பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாலும் அதே இனத்தைச் சேர்ந்த மிதவை ஒன்றைக் காணலாம். தொட்டி குறைந்தால் நீர் தானே வரத் தொடங்குகிறது. நிரம்பியதும் தானே நின்று விடுகிறது. அருகில் ஆள் இல்லை, மின்சாரமும் இல்லை, வீட்டார் உறங்கிக் கொண்டிருக்கின்றனர். அவ்வாறிருக்க, தொட்டி நிரம்பிவிட்டது என்பது யாருக்குத் தெரிந்தது? குழாயை அடைத்தது யார்?

சிறுவர்கள் இவ்வாறு கேட்டால், "அது அப்படித்தான் செய்திருக்கிறார்கள்" என்று சொல்லிப் பெரியவர்கள் தப்பித்துக் கொள்வதுண்டு. ஆனால் இச்சிறு கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால் நாம் அலெக்சாந்திரியா வழியாக அப்பாஸியர் காலத்து பக்தாதுக்கும், அங்கிருந்து தியார் பக்ர் நகரத்து அரண்மனைப் பட்டறைக்கும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அப்பயணத்தில் நாம் பெருமைப்படத்தக்க செய்திகளும் உண்டு. சிந்தித்து எச்சரிக்கை கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு.

மிதவை செய்யும் வேலை

குழாய் வேலை செய்வோர் இதனை 'பால் வால்வு' என்பர். இதன் உறுப்புகள் மூன்றே. உள்ளே வெறுமையான உருண்டை ஒன்று. அதனைத் தாங்கும் நீண்ட கம்பி ஒன்று. கம்பியின் மறுமுனையில், நீர் வரும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான் ஒன்று. நீர் மட்டம் உயர்ந்தால் உருண்டையும் உயரும். கம்பி சாயும். அடைப்பான் துளையை நோக்கி நகரும். மட்டம் குறிப்பிட்ட உயரத்தை எட்டியதும் துளை முற்றிலும் மூடிக் கொள்ளும். நீரைச் செலவழித்தால் உருண்டை இறங்கும்; துளை திறக்கும்.

குழாயில் வேகமாக வரும் நீரை, கையால் தூக்கினால் கனமே தெரியாத ஓர் உருண்டை எவ்வாறு தடுக்கிறது என்னும் ஐயம் எழலாம். விடை கம்பியின் நீளத்தில் இருக்கிறது. கம்பி சுழலும் அச்சிலிருந்து உருண்டை 30 சென்டிமீட்டர் தூரத்திலும், அடைப்பான் 2 சென்டிமீட்டர் தூரத்திலும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். நீர் அவ்வுருண்டையை 200 கிராம் விசையுடன் மேலே தள்ளினால், அடைப்பானிடத்தே அது பதினைந்து மடங்காகி மூன்று கிலோ விசையாக அழுத்தும். கடப்பாரையின் ஒரு முனையைப் பிடித்துப் பெரும் பாறையை நெம்புகிறோமே, அதே நெம்புகோல் தத்துவம்தான் இது.

இதன் பழுதுகளும் இவ்வமைப்பிலிருந்தே விளங்கும். தொட்டி நிரம்பிய பின்னும் நீர் சொட்டுகிறது எனில், துளையின் விளிம்பில் மணல் அகப்பட்டிருக்கலாம். அல்லது அடைப்பானின் வாஷர் தேய்ந்திருக்கலாம். நீர் நில்லாமல் வழிகிறது எனில், உருண்டை ஓட்டையாகித் தன்னுள் நீர் புகுந்து அமிழ்ந்து கிடக்கலாம். உருண்டை ஏறவும் வேண்டும். அடைப்பான் துளையோடு பிசகின்றிப் பொருந்தவும் வேண்டும். இவ்விரண்டாம் தேவையை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ளக் கோருகிறோம். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

இவ்வெளிய கருவியில் அரியதொரு கருத்து அடங்கியுள்ளது. சாதாரணக் குழாய், திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். தான் செய்த வேலையின் பலன் என்ன ஆயிற்று என்று அது பார்ப்பதில்லை. மிதவை அவ்வாறன்று. அது நொடிதோறும் நீரின் மட்டத்தைக் கேட்டறிகிறது. கேட்டறிந்ததற்கு ஏற்பத் தன் செயலைத் திருத்திக் கொள்கிறது. இக்காலத்துத் தானியங்கிக் கருவிகள் அனைத்திற்கும் அடிப்படையான கருத்து இதுவே.

அலெக்சாந்திரியாவில் தொடங்கியது

இக்கருத்தை முதன்முதலில் கண்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெஸிபியுஸ் என்பார் சிறந்ததொரு நீர்க்கடிகாரம் அமைத்தார். அவர் ஒரு நாவிதரின் மகன் என்று ரோமானிய நூலாசிரியர் விட்ருவியுஸ் குறிப்பிடுகிறார். தெஸிபியுஸின் நூல்கள் அழிந்து போயின. எனினும் பிற்காலத்தார் எழுதியவற்றைக் கொண்டு, அவர் தம் கடிகாரத்தில் மிதவை அடைப்பானைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

கடிகாரத்திற்கு மிதவை எதற்கு? பாத்திரத்தின் அடியில் துளையிட்டு நீரை ஒழுகவிட்டால், பாத்திரம் நிறைந்திருக்கும்போது நீர் வேகமாகப் பாயும்; குறையக் குறைய வேகமும் தணியும். நீரின் உயரம் கால் பங்காகக் குறைந்தால் ஒழுகும் வேகம் பாதியாகிவிடும். காலையில் விரைவாகவும் மாலையில் மெதுவாகவும் ஓடும் கடிகாரத்தால் யாருக்கு என்ன பயன்? ஆதலின் துளைக்கு மேலுள்ள நீர் எந்நேரமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அதனைச் செய்து கொடுப்பது மிதவை.

அலெக்சாந்திரியரின் அறிவு பிற்காலத்தில் அரபு மொழிக்கு வந்தது. பைலோ என்பார் காற்றழுத்தக் கருவிகள் பற்றி எழுதிய நூலின் கிரேக்க மூலம் மறைந்துவிட்டது. அரபு மொழிபெயர்ப்பே அதனைக் காத்துத் தந்தது. இவ்வாறு காத்துத் தந்ததோடு நில்லாமல், பெற்றதைப் பெருக்கியவர்களைப் பற்றியே இனி நாம் பேசப் போகிறோம்.

மூஸாவின் மைந்தர் மூவர்

கலீபா மாமூனின் அவையில் மூஸா இப்னு ஷாகிர் என்றொரு வானநூலறிஞர் இருந்தார். இளமையில் அவர் வழிப்பறி செய்து வந்தவர் என்று பழைய வரலாறுகள் கூறும். அவர் இறந்தபோது முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன் என்னும் மூன்று புதல்வர்களை விட்டுச் சென்றார். தந்தையற்ற அச்சிறுவர்களைக் கலீபா தம் பொறுப்பில் ஏற்று, பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் கல்வி பயில ஏற்பாடு செய்தார். 'பனூ மூஸா' என்று வரலாறு போற்றும் சகோதரர்கள் இவர்களே. வளர்ந்து செல்வம் பெற்றதும், மொழிபெயர்ப்பாளர்களுக்கு மாதந்தோறும் 500 தீனார் அளவில் இவர்கள் வழங்கி வந்ததாக நூல்கள் பேசுகின்றன.

மூவருள் இயந்திரக் கலையில் தலைசிறந்தவர் அஹ்மத். ஏறத்தாழ கி.பி. 850-இல் உருவான 'கிதாபுல் ஹியல்' பெரும்பாலும் அன்னாரின் கைவண்ணமே. நுட்பக் கருவிகள் பற்றிய நூல் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். அதில் ஏறத்தாழ நூறு கருவிகள் விளக்கப்பட்டுள்ளன. குடிக்கக் குடிக்கக் குறையாமல் ஒரே மட்டத்தில் நிற்கும் பாத்திரம், எரிய எரியத் திரி தானே முன்னே நகரும் விளக்கு, வடிவம் மாறி மாறிப் பீறிடும் நீரூற்று ஆகியவை அவற்றுட் சில. விருந்தினரை வியப்பில் ஆழ்த்தும் வேடிக்கைப் பாத்திரங்களே நூலில் மிகுதி. எனினும் அவ்வேடிக்கைகளுக்குள்ளே மிதவையும், கூம்பு வடிவ அடைப்பானும், நெம்புகோலும், வளைகுழாயும் தாமாகவே ஒன்றையொன்று ஏவிப் பணியாற்றும் திறம் கிரேக்கர் காட்டியதினும் பன்மடங்கு வளர்ந்திருந்தது.

குறை ஒன்றும் அந்நூலில் உண்டு. உறுப்புகளின் அளவுகளை அது பெரும்பாலும் கூறுவதில்லை. கருவி எவ்வாறு இயங்கும் என்று விளங்கும். அதைக் கொண்டு நேரே பட்டறைக்குச் சென்று செய்துவிட இயலாது.

கால்வாய் கற்பித்த பாடம்

இச்சகோதரர்களைப் பற்றிய செய்தி ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ அதனைப் பதிந்துள்ளார்.

கலீபா முதவக்கில் ஸாமர்ராவுக்கு அருகே தாம் எழுப்பிய புதிய நகருக்குக் கால்வாய் வெட்டும் பொறுப்பை முஹம்மதிடமும் அஹ்மதிடமும் ஒப்படைத்தார். அவர்கள் அப்பணியை அல்ஃபர்கானீயிடம் கொடுத்தனர். அல்ஃபர்கானீ வானநூலில் பெரும் புலவர். அவருடைய நூலை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் பயின்றனர். ஆயினும் அக்கால்வாயின் மட்டத்தில் அவர் பிழை செய்துவிட்டார். ஆற்றிலிருந்து நீர் புகும் தலைவாயை, பின்னுள்ள பகுதியைக் காட்டிலும் ஆழமாக வெட்டினார். தலைவாய் நிரம்பும் அளவு நீர் வந்தாலும் அது கால்வாயின் மற்றப் பகுதிக்கு ஏறவில்லை.

செய்தி கலீபாவுக்கு எட்டிற்று. குற்றம் உண்மையானால் சகோதரர்கள் கழுவேற்றப்படுவர் என்னும் நிலை உருவாயிற்று. பிழையை ஆராய, ஸனத் இப்னு அலீ என்னும் பொறியறிஞர் அழைக்கப்பட்டார். அவரோ, அதே சகோதரர்கள் பொறாமையால் அரசவையை அணுக விடாமல் விலக்கி வைத்திருந்தவர். தத்துவஞானி அல்கிந்தீயைச் சூழ்ச்சியால் துன்புறுத்தி, அன்னாரின் நூலகத்தையே அவர்கள் கைப்பற்றி வைத்திருந்தனர். இப்போது ஸனதின் காலில் விழ வேண்டிய நிலை வந்தது. ஸனத் தமக்கென எதையும் கேட்கவில்லை. "அல்கிந்தீயின் நூல்களை முதலில் திருப்பிக் கொடுங்கள்" என்ற நிபந்தனையை விதித்தார். நூல்கள் உரியவரிடம் சேர்ந்தன. அப்போது டைக்ரிஸ் ஆற்றில் வெள்ளம் பெருகும் பருவம். நான்கு மாதங்களுக்குப் பிழை வெளித் தெரியாது. அந்தத் தவணையை நம்பி, கால்வாயில் குற்றமில்லை என்று ஸனத் கலீபாவிடம் கூறினார். வெள்ளம் வடியும் முன்னரே, கி.பி. 861-இல் கலீபா கொல்லப்பட்டார். சகோதரர்களின் உயிர் பிழைத்தது.

சகோதரர்கள் தப்பினர், கால்வாய் தப்பவில்லை. அரசரின் சினத்தைத் தவணை சொல்லித் தள்ளிப் போடலாம். நீரின் மட்டத்தை அவ்வாறு ஏமாற்ற இயலாது. மட்டத்தைத் தானே கேட்டறிந்து திருத்திக் கொள்ளும் அடைப்பானை விளக்கியவர்களின் பொறுப்பிலேயே, மட்டத்தைச் சோதித்துப் பாராத கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. அறிவு நூலில் இருப்பது வேறு. ஒவ்வொரு வேலையிலும் அதைக் கைக்கொள்வது வேறு.

அல்ஜஸரீயின் பட்டறை

இம்மூவருக்கும் மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், இன்றைய துருக்கியிலுள்ள தியார் பக்ரில், அர்துக் வம்சத்து அரசர்களிடம் பணியாற்றியவர் பதீஉஸ்ஸமான் இஸ்மாயீல் அல்ஜஸரீ. தந்தை, மைந்தர் இருவர் என மூன்று அரசர்களைக் கண்டவர். இறுதி அரசரான நாஸிருத்தீன் மஹ்மூதின் வேண்டுகோளுக்கிணங்க, தாம் செய்த ஐம்பது கருவிகளை விளக்கி ஹிஜ்ரி 602-இல், அதாவது கி.பி. 1206-இல், பெருநூலொன்றை நிறைவு செய்தார்.

முன்னோர் நூல்களைக் கற்றவர் அவர். பனூ மூஸாவின் நூலையும் அறிந்தவர். எனினும் ஏட்டில் கண்டதை அவ்வாறே ஏற்கும் இயல்பு அன்னாரிடம் இல்லை. செய்து பார்த்துச் சோதிக்காத அறிவு மெய்க்கும் பொய்க்கும் இடையே தடுமாறும் என்பது நூலின் முன்னுரையில் அவர் உணர்த்தும் கருத்தாகும்.

அவர் கட்டிய கோட்டை வடிவக் கடிகாரத்தைப் பார்ப்போம். பெருந்தொட்டியிலிருந்து நீர் ஒரு சிறு அறைக்குள் இறங்கும். அவ்வறையில் மிதவை ஒன்றும், அதன் தலையில் கூம்பு அடைப்பான் ஒன்றும் இருக்கும். அறையில் மட்டம் உயர்ந்ததும் கூம்பு மேலெழுந்து துளையை அடைக்கும், தாழ்ந்ததும் திறக்கும். நம் வீட்டுத் தொட்டியில் நடப்பதும் இதுவே அன்றோ?

ஆனால் அவருக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. அக்காலத்தார் பகற்பொழுதை, கோடையாயினும் குளிர்காலமாயினும், பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்து வந்தனர். தியார் பக்ரில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 14 மணி 45 நிமிடம். மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 9 மணி 30 நிமிடம். ஆதலின் கோடையில் ஒரு 'மணி' என்பது நம் கணக்கில் 74 நிமிடம். குளிர்காலத்தில் சற்றேறக்குறைய 48 நிமிடம். நாள்தோறும் நீரின் வேகம் சிறிது சிறிதாக மாற வேண்டும். இதற்காக நீர் வெளியேறும் துளையை, ராசிகளும் பாகைகளும் பொறித்த வட்டத் தகட்டில் அமைத்தார் அல்ஜஸரீ. தகட்டைத் திருப்பினால் துளை ஏறும் அல்லது இறங்கும். மாறாத மட்டத்திற்கும் துளைக்கும் இடையேயுள்ள உயரம் மாறும். அதனால் வேகமும் மாறும். முன்னோர் வகுத்த தகட்டுக் கோடுகளை அவர் சோதித்துப் பார்த்தார். அவை சரியான நேரம் தரவில்லை. பின்பு ஒவ்வொரு நிலையிலும் நீரை ஓடவிட்டு, அளந்து, தாமே புதிய கோடுகளை வகுத்தார்.

அடைப்பான் துளையோடு பிசகின்றிப் பொருந்த வேண்டும் என்றோமே, அதற்கும் அவர் வழி கண்டிருந்தார். வெண்கலக் கூம்பையும் அது அமரும் இருக்கையையும் குருந்தக்கல் தூளிட்டு, ஒன்றோடொன்று நீர் கசியாத அளவு பொருந்தும் வரை தேய்த்தார். இக்காலத்து மோட்டார் மெக்கானிக், என்ஜின் வால்வை அதன் இருக்கையில் பசையிட்டுத் தேய்த்துப் பொருத்துவதைப் பார்த்திருப்போர், ஒரே கைத்தொழிலின் தொடர்ச்சியை இங்கே உணர்ந்து கொள்வர்.

அவருடைய மற்றொரு கருவி ஒளுச் செய்யும் வழக்கத்தோடு தொடர்புடையது. தம் கையில் பணியாளோ பணிப்பெண்ணோ நீர் வார்ப்பதை அரசர் விரும்பவில்லை. ஆதலின் அல்ஜஸரீ தாமே நீர் வார்க்கும் கருவிகளைச் செய்து கொடுத்தார். மயில் வடிவக் கருவியொன்றின் அலகிலிருந்து நீர் விழும். கழுவிய நீர் கீழே சேரச் சேர அடியிலுள்ள மிதவை உயரும். அது குறிப்பிட்ட உயரத்தை எட்டியதும் கதவொன்று திறந்து, கை கழுவும் தூளுடன் ஒரு பொம்மை வெளிவரும். இன்னும் உயர்ந்ததும், கை துடைக்கும் துணியுடன் மற்றொரு பொம்மை வரும். எவ்வளவு நீர் செலவாயிற்று என்பதைக் கொண்டே, அடுத்து என்ன தேவை என்பதைக் கருவி அறிந்து கொள்கிறது.

எழுதி வைத்தலின் சிறப்பு

அல்ஜஸரீயின் பெருமை கருவிகளைச் செய்ததில் மட்டும் இல்லை. பிறர் செய்யுமாறு எழுதி வைத்ததில் இருக்கிறது. எந்த உலோகம், எவ்வளவு கனம், எத்துளைக்கு என்ன அளவு, மரம் வளையாதிருக்கப் பலகைகளை எவ்வாறு அடுக்கி ஒட்டுவது, உறுப்பின் வடிவத்தை முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது எவ்வாறு என்றெல்லாம், எதிரே அமர்ந்திருக்கும் மாணவருக்குக் கற்பிக்கும் ஆசானைப் போல் எழுதினார். தொழில் இரகசியத்தைத் தம் மக்களுக்கும் சொல்லாமல் மறைத்து, தம்மோடு மண்ணறைக்குக் கொண்டு போய்விட்ட கைவினைஞர்கள் எத்தனையோ பேர். அன்னார் அவ்வாறு செய்யவில்லை.

அதன் பயனை உலகம் 1976-இல் கண்டது. லண்டனில் இஸ்லாமிய உலக விழா நடைபெற்றபோது, அங்குள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில், அல்ஜஸரீயின் நூலைத் துணைகொண்டு கோட்டைக் கடிகாரம் மீண்டும் அமைக்கப்பட்டது. டொனால்ட் ஹில் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1974-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு அதற்கு வழி வகுத்திருந்தது. 770 ஆண்டுகளுக்குப் பின், அப்பட்டறையை ஒருபோதும் காணாதவர்கள், எழுத்தை மட்டும் படித்து அக்கருவியை இயக்கிக் காட்டினர்.

ஆயினும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது வேறு. அல்ஜஸரீயின் நூல் அரபு நாடுகளிலும் துருக்கியிலும் பாரசீகத்திலும் படியெடுக்கப்பட்டது. அதன் வண்ணப்படங்கள் அரசர்களின் நூலகங்களை அழகு செய்தன. ஆனால் அதிலுள்ள மிதவை, மக்களின் வீட்டுத் தொட்டிக்கு இறங்கி வரவில்லை. அந்நூல் அந்நாளில் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டதற்கும் சான்றில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வீட்டு நீர்த்தொட்டிகளில் மிதவை அடைப்பான் இடம் பெற்றது. 1765-இல் ரஷ்யாவின் இவான் பொல்ஸுனோவ் நீராவி என்ஜினின் கொதிகலனில் நீர் மட்டம் காக்க மிதவையை அமைத்தார். 1788-இல் ஜேம்ஸ் வாட், என்ஜினின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் சுழல் குண்டுகளைப் பொருத்தினார். பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரினுள்ளும் பெட்ரோலின் மட்டத்தைக் காக்கச் சிறு மிதவை ஒன்று குடியேறிற்று. அரண்மனையில் விருந்தினரை மகிழ்வித்த கருத்து, தொழிற்கூடத்தில் இறங்கியபோது உலகையே மாற்றிற்று.

நமக்கு உரிய பங்கு

"எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் நம் முன்னோரே" என்று மேடைகளில் முழங்குவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். மிதவையின் வரலாறு அவ்வாறு முழங்க இடம் தரவில்லை. அலெக்சாந்திரியாவில் நாவிதர் மகன் தொடங்கியதை, பக்தாதில் வழிப்பறிக்காரரின் மகன் வளர்த்தார். தியார் பக்ரின் கைவினைஞர் செம்மை செய்தார். ஐரோப்பியத் தொழிலாளர் எங்கும் பரப்பினர். பனூ மூஸாவும் அல்ஜஸரீயும், முன்னோரிடம் பெற்றதைப் பெற்றோம் என்று சொல்ல வெட்கப்படவில்லை. தாம் சேர்த்ததை அளந்து சேர்த்தனர். அந்த அளவிலேயே அவர்களுடைய புகழ் அசைக்க முடியாததாக நிற்கிறது. அதற்கு மேல் நாம் ஏற்றிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குப் பெருமை சேர்க்காது; உண்மையாக உள்ள பெருமையிலும் ஐயத்தையே விளைவிக்கும்.

நாம் அவர்களிடமிருந்து பெற வேண்டியது வேறொன்று. நம் குடும்பங்களில் பிள்ளை ஒருவன் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டால் கண்டிக்கிறோம். பழுதான குழாயைத் திருத்த வருபவரைத் திண்ணையோடு நிறுத்துகிறோம். படித்த மகன் கையில் ஸ்பானர் பிடிப்பதைத் தகுதிக் குறைவு என எண்ணுகிறோம். அல்ஜஸரீயோ தம் கையால் குருந்தத் தூளிட்டு அடைப்பானைத் தேய்த்தவர். அந்தக் கையை மதியாமல் அவர் பெயரை மட்டும் போற்றுவதால் பயன் இல்லை.

அடுத்த முறை, தொட்டி நிரம்பியது யாருக்குத் தெரிந்தது என்று நம் பிள்ளைகள் கேட்டால், மூடியைத் திறந்து காட்டுவோம். உருண்டையைக் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்வோம், நீர் பாயும். கையை எடுக்கச் சொல்வோம், நீர் நிற்கும். பின்னர் அந்த மூன்று சகோதரர்களின் கதையையும், வெட்டிக் கெட்ட கால்வாயின் கதையையும், தியார் பக்ர் ஆசானின் கதையையும் சொல்வோம். கேட்ட பிள்ளைகளுள் ஒருவராவது மறுநாள் தாமே மூடியைத் திறந்து பார்ப்பாராயின், நம் முன்னோரின் நூலைப் படியெடுத்துக் காத்தவர்களின் உழைப்பு வீண் போகவில்லை என்று நாம் நிறைவு கொள்ளலாம்.